மருமகள் தொட்டிக்கு நான் மாற்றிய தண்ணீர்

என் மருமகள் கண்ணாடித் தொட்டியில் ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பிராணி வளர்த்தாள். நாலு கால், கழுத்தோரம் சிவப்புச் செவுள், குழந்தை முகம். தருமபுரத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகும்போது, "அத்தை, குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திராதீங்க. மருந்து நெடி போக ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்துங்க" என்றாள்.

"பத்து மாட்டுக்குத் தண்ணி காட்டுனவ நான். எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன்.

மறுநாள் தொட்டி கலங்கலாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரையே நிரப்பினேன். பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. அவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அதன் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்தது. செவுள் சுருங்கியது. மூச்சுக்காக மேலே மேலே வந்தது. மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது.

திரும்பி வந்தவள், "தண்ணி மாத்துனீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"நான் அதத் தொடவே இல்ல."

"அப்ப நான்தான் போற அன்னிக்கு இரைய அதிகமாப் போட்டுட்டேன். தண்ணி கெட்டுப்போச்சு" என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போன வாரம் என் மகன் வேறொன்று வாங்கித் தருவதாகச் சொன்னான். "வேணாங்க, என் கையில உசுரு தங்காது" என்றாள். அந்தப் பேச்சை அவள் வாயில் வைத்தவள் நான். இதை எழுதிவிட்டேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.