வேலாயியின் ஐந்து கிலோ

இலங்கை மலையகத்தில், டயகம பாதையில் இருக்கும் ஒரு சின்னத் தோட்டத்து ஆபீசில் ஜீவராணி கிளாக்கர். தோட்டம் தன் தேயிலைக் காணியை நாற்பத்தொரு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. அவர்களே பராமரித்து, கொழுந்தைத் தோட்டத்துக்கே விற்க வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும் அவள் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த வேலாயி ஆபீஸ் ஜன்னலில் இரண்டு தாள்களை வைத்து அழுத்தினாள். "கொழுந்து நிறுக்கிற மடுவத்துல குடுத்த துண்டுல தொண்ணூத்தஞ்சு கிலோ. ஒங்க பில்லுல தொண்ணூறு. அஞ்சு கிலோ எங்க போச்சு பிள்ள?"

"சாக்குக் கழிவுங்க. சாக்குக்கு ஒரு கிலோ" என்று சொல்லிக்கொண்டே துண்டைத் திருப்பிய ஜீவராணி அப்படியே நின்றுவிட்டாள். அடியில் பொடி எழுத்தில் சிங்களத்தில் ஒரு வரி: சாக்கு நீங்கலாக. எட்டு மாதத்துக்கு முன் வந்த புதிய தராசே சாக்கைக் கழித்துவிடுகிறது. அது தெரியாமல் அவளும் ஒவ்வொரு முறையும் கழித்திருக்கிறாள்!

எட்டு மாதத்துத் துண்டுகளையும் இழுத்துப் போட்டாள். சோற்றுப் பார்சல் பிரிக்கப்படவே இல்லை. மூன்று மணிக்கு விடை வந்தது: எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது கிலோ.

பெரிய கிளாக்கர் யோகேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசத்துல இருந்து சரி பண்ணிருவோம் தங்கச்சி. வெளிய சொன்னா ஒங்க வேலைதான் போகும்."

"அவங்க கொழுந்துங்க அண்ணே" என்றவள், தாள்களை அள்ளிக்கொண்டு தோட்ட மேனேஜரான தொரையின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"யாரு கழிச்சது?" என்றார் தொரை.

"நான்தாங்க தொரை."

அவர் தாள்களைப் புரட்டினார். கொழும்புத் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். அந்தக் கால் மணி நேரமும் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றாள். போனை வைத்தவர் சொன்னார்: "இந்த மாசமே சேத்துக் குடுங்க. காலையில பெரட்டுல நீங்களே சொல்லணும்."

மறுநாள் ஆட்கள் வேலைக்குக் கூடிய பெரட்டில், ஜீவராணி படியில் ஏறி நின்றாள். "எட்டு மாசமா சாக்க ரெண்டு தரம் கழிச்சிட்டேன். தப்பு என்னுது. அந்தக் காசு எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கும்" என்றாள். உடனே விசில் பறந்தது.

"பேரு பேரா வாசி பிள்ள!" என்று கத்தினாள் வேலாயி.

ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். தொண்டை கட்டிப்போன பிறகும் சிரித்துக்கொண்டே நாற்பத்தொரு பெயரையும் வாசித்து முடித்தாள்.