அஜக்ஸ் நினைவிடத்தில் அம்மா கண்ட மோதிரம்

ஜூனில் எனக்குப் பட்டமளிப்பு விழா. எங்கள் குடும்பத்துக்கு முதல் பட்டம். ஆனால் அம்மா வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் எனக்குத் தெரியும். பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் ஒரு தோழியிடம் போனில், அம்மா வேலைக்குப் போவதில்லை, வீட்டில்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தளவு ஆங்கிலம் பக்கத்து அறையில் இருந்த அம்மாவுக்குத் தெரியும். அவர் பதினொரு வருடமாக ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறார்.

அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. நேரே பேச எனக்கு வாய் வராது. "ஒரு இடம் பார்த்துவிட்டு வருவோம்" என்று மட்டும் கேட்டேன். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டாம் உலகப் போரில் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பிய பெண்களின் நினைவிடத்துக்குப் போனோம். கனடாவில் அஜக்ஸ் என்ற ஊரே அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்ததுதான்.

ஸ்காபரோவில் கில்ட்வூட் நிலையத்திலிருந்து காலை 10.20 ரயில். வார இறுதி நாள் பாஸ் ஒருவருக்குப் பத்து டொலர், போகவர அதுவே போதும். இருபது நிமிடத்தில் அஜக்ஸ். அங்கிருந்து மூன்று கிலோமீற்றர், ரக்சிக்குப் பன்னிரண்டு டொலர். சாரதி பருத்தித்துறைக்காரர், கதைக்காமல் வண்டி ஓட்டத் தெரியாதவர்.

"அன்ரி எங்க வேலை?"

"நான் வீட்டிலதான், தம்பி."

"குடுத்துவச்சனீங்கள். என்ர மனுசி ரெண்டு வேலை. என்னைக் கண்டா ஆரெண்டு கேக்கிறா."

அம்மா சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா சொன்னது என்னுடைய பொய்.

நினைவிடம் சிறியது. ஒரு கருங்கல் சுவர், அதன் முன்னால் மேசையில் குனிந்து வேலை செய்யும் மூன்று வெண்கலப் பெண்கள். நான் வழக்கம்போல விளக்கப் பலகையை வாசிக்கப் போனேன். அம்மா பெண்களின் கைகளைப் பார்த்தார்.

"இஞ்ச வந்து பார். உவவின்ர மோதிரத்தில ஒட்டுற ரேப் சுத்தியிருக்கு."

காரணம் பலகையில் இருந்தது. உலோகம் உரசித் தீப்பொறி வந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் கொண்டை ஊசி, தோடு எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கழற்ற முடியாத கல்யாண மோதிரத்தின் மேல் ரேப் ஒட்டிச் சுற்றுவார்கள். அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன்.

"எங்கட பக்டரியிலயும் நகை போட ஏலாது. உவை பாவங்கள் வெடிக்குமெண்டு. எங்களுக்கு சான்ட்விச்சுக்க விழுந்திடுமெண்டு."

"அப்ப தாலி?"

"முதல் நாள் வாஷ்றூமுக்க நிண்டு அழுதழுது கழட்டினன். இப்ப பழகிட்டுது. லொக்கரில வைப்பன், வரேக்க பஸ்ஸில போட்டிடுவன். அப்பாவுக்குத் தெரியாது."

"பதினொரு வருஷமாவோ?"

"ஓம். பஸ் ஓடுறவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அந்த வெண்கல விரலில் இருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

திரும்பும்போதும் அதே சாரதியைத்தான் கூப்பிட்டோம். ஏறி இருந்ததும், மனம் மாறுவதற்குள் சொன்னேன்.

"அண்ணை, அம்மா வீட்டில இல்லை. பதினொரு வருஷமா சான்ட்விச் பக்டரியில வேலை. அதிலதான் நான் படிச்சனான்."

"அப்ப ஏன் அன்ரி எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"லீவு நாளிலயும் வேலைக்கதையோ எண்டுதான், தம்பி."

அப்போதும் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு மணி நேரம் போதும். அங்கே நிழல் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். பலகையைப் பிறகு வாசிக்கலாம், முதலில் கைகளைப் பாருங்கள். முடிந்தால், நின்று வேலை செய்யும் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

ரயிலில் அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். ஜூனில் ஒரு நாள் லீவு வேண்டுமென்று மேற்பார்வையாளருக்கு எழுதச் சொன்னார். காரணம் என்ன போடுவது என்று கேட்டேன்.

"மகள் பட்டம் எடுக்கிறா எண்டு போடு. வடிவான இங்கிலிசில போடு."