குழி வைத்தியர் வீட்டு வாசல்

ரோடு போடுவது ஒரு பெரிய காரியமே இல்லை. ஆளும் மெஷினும் இருந்தால் எவன் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். போட்ட ரோட்டைக் காப்பாற்றுவது இருக்கிறதே, அதுதான் வேலை. பிள்ளை பெறுவதும் பிள்ளை வளர்ப்பதும் ஒன்றா? இதைச் சொல்ல மேல்படிப்பு வேண்டாம், தார் வாளி தூக்கின தோள் இருந்தால் போதும். இதை எழுதுகிற கையிலும் தார் சுட்ட தழும்பு உண்டு. ஆகையால் குழி வைத்தியர் கதையை எழுத நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

குழி வைத்தியர் என்பது ஜனங்கள் வைத்த பேர். வேலை, ரோடு பராமரிப்பு ஆட்களுக்கு மேஸ்திரி. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தவர். தார் காய்ச்சுகிற டிரம்முக்குப் பக்கத்தில் விறகு தள்ளுகிற வேலையில் ஆரம்பித்து, ஜல்லி அள்ளி, திமிசுக்கட்டை பிடித்து இடித்து, படிப்படியாக மேலே வந்தார். தார் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு குச்சியை முக்கி எடுப்பார். அது சொட்டுகிற அழகைப் பார்த்தே, "இறக்குடா" என்பார். கெட்டியாகத் தெரிகிற ரோட்டின்மேல் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுவார். இரும்புக் கம்பியால் இன்னொரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பார். "உள்ளே சீக்கு பிடிச்சிருக்கு. அடுத்த மழைக்கு வாயைத் திறக்கும்." திறக்கும். அப்படித்தான் பட்டம் வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பெருமையும் பேசுவார். "குழியில நான் போட்ட ஒட்டு என் கல்யாணம் மாதிரி. பிரியாது" என்பது அவர் பல்லவி.

அந்தக் கல்யாணத்துக்கும் ரோட்டுக்கும் நிஜமாகவே ஒரு சம்பந்தம் உண்டு. மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையிலேயே மெஷின். எந்த ரோட்டு வேலை முடிந்தாலும், வண்டிகளை விடுவதற்கு முன்னால் வைத்தியர் அந்த அம்மாளை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து அதில் ஓட்டுவார். அந்த அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். எங்கே தூக்கிப் போடுகிறதோ அங்கே கணவர் தோளைக் கிள்ள வேண்டும். இவர் உடனே வண்டியை நிறுத்தி, அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். நாளெல்லாம் ஊசியும் நூலுமாக இருக்கிற உடம்பு, ஒரு நூல் மேடு பள்ளம் கூடத் தெரிந்துவிடும். கிள்ளு வாங்காத ரோட்டைத்தான் அவர் ரோடு என்று ஒப்புக்கொள்வார்.

ஆபீஸுக்குப் புதிதாக வந்த இன்ஜினியரம்மா முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு தன் கருவி காட்டிய மேடும் அந்த அம்மாள் கிள்ளிய இடமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவுக்கும் ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடணும் மேஸ்திரி" என்றார்.

"நாற்காலி எதுக்கு மேடம்? ஸ்கூட்டர் சீட்டு இருக்கே."

அந்த ஸ்கூட்டர் சீட்டுக்குத்தான் வந்தது வினை.

வைத்தியர் வீட்டுக்கு முன்னால் ரோடு ஒரு வளைவு வளையும். வளைவிலே அவர் ஒட்டுப் போட்டு மூடின ஒரு குழி. ஒரு மழை நாளில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பி வந்தபோது, அதன்மேல் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. "மெதுவாப் போங்க" என்றாள் மனைவி. "நான் போட்ட ஒட்டும்மா அது, இரும்பு" என்றார் இவர். இரும்பு உள்வாங்கிவிட்டது. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நூல்கண்டுகள் ஒரு பக்கம், அந்த அம்மாள் ஒரு பக்கம். மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் பிரிக்கும் வரை தையல் மெஷின் உறையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

அந்த அம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தக் குழி போற வரைக்கும் உங்க பின்னாடி உட்கார மாட்டேங்க."

வைத்தியர் சும்மா இருப்பாரா? குழியைச் சுற்றிச் சதுரமாக வெட்டினார். துரும்பு இல்லாமல் கூட்டினார். தார் பூசி, ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தானே இடித்தார். கல்லுப் போல நின்றது. கொஞ்ச நாள்தான். மறுபடியும் வாயைப் பிளந்தது. மறுபடியும் ஒட்டு. மறுபடியும் குழி. புண்ணுக்குப் புனுகு பூசின கதையாக முடிந்தது.

அந்த வழியாகப் போகிற பஸ்ஸின் டிரைவர், மனைவியின் அண்ணன். ஒவ்வொரு தடவையும் வளைவில் பிரேக் போட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"மாப்ளே! குழி வைத்தியர் வீட்டு வாசல்லயே குழி. நல்ல கைராசி!"

"ஓட்டுற வேலையைப் பாருங்க மச்சான்."

"எங்கே ஓட்டுறது? உங்க வாசலுக்கு வந்தா பஸ் தானா ஆடுது."

அதையெல்லாம் அவர் துடைத்துப் போட்டுவிடுவார். அவரை அரித்தது வேறு. ஆஸ்பத்திரி ரோடு முடிகிற நிலையில் இருந்தது. அவர் வாழ்நாளில் போட்ட ரோடுகளிலேயே பெரியது, அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியானதும் அதுதான். கிள்ளுவதற்கு ஆள் இல்லை. தினமும் வெறும் சீட்டோடு வேலைக்குப் போய், வெறும் சீட்டோடு திரும்பினார். துணி வாங்கக் கடைக்குப் போகும் மனைவி, அவர் கண் எதிரிலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போவாள். ஒருநாள் அவரும் அவள் பக்கத்திலேயே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கூட நடந்தார்.

"ஏறித்தான் தொலையேன்மா."

"குழி போச்சா?"

"போயிடும்."

"போகட்டும். நானும் ஏறிடுறேன்."

இப்படி இருக்கும்போது வெயில் காலம் வந்தது. வானத்தில் மருந்துக்குக் கூட ஒரு மேகம் இல்லை. அப்போதும் குழி திறந்தது.

ஆட்கள் காலையில் ஜல்லி வண்டியோடு வந்து நின்றார்கள். ரோலர்காரன் கேட்டான்: "கொட்டட்டுமா மேஸ்திரி?"

"கொட்டாதே."

"ஏன், நாள் நல்லா இல்லையா?"

"வானத்தைப் பாருடா. மழைன்னு ஒண்ணு பேஞ்சு எத்தனை காலமாச்சு? தண்ணி படாம ரோடு சாகாது. இது எங்கேயிருந்தோ திருட்டுத்தனமாக் குடிக்குது. அதைக் கண்டுபிடிக்காம இனிமே ஒரு கல்லு போட மாட்டேன்."

அனுபவம் என்றால் இதுதான் ஐயா. குழியைப் பார்க்கிறவன் கூலிக்காரன். குழிக்குத் தண்ணீர் வந்த வழியைப் பார்க்கிறவன் மேஸ்திரி.

இன்ஜினியரம்மா வந்தார். குடிதண்ணீர்க் குழாய் கசிகிறதோ என்று சந்தேகப்பட்டு ஆளை வரவழைத்தார். நியாயமான சந்தேகம்தான். அந்த ஆள் கம்பியை ஊன்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். குழாய் சுத்தம். வைத்தியர் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரோட்டின் ஓரத்தில் ஒரு கீற்றுப் புல் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. சுற்றிலும் எல்லாம் காய்ந்த சருகு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்து நின்றது. மச்சான் இறங்கி வந்தார்.

"என்ன மாப்ளே, இப்படி உத்துப் பார்த்தா குழி வெட்கப்பட்டு மூடிக்குமா?"

"பஸ்ஸைப் படகு மாதிரி ஓட்டுறவர் எல்லாம் ரோட்டைப் பத்திப் பேச வந்துட்டார். நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

அப்போதுதான் ரோலர்காரன் அலறினான்.

"மேஸ்திரி! குழி ரத்தம் கக்குது!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குழியின் பக்கச் சுவரிலிருந்து சிவப்பாக ஒரு கசிவு. மெல்ல இறங்கி அடியில் தேங்கியது. ஜல்லி சுமக்கிற ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டினார்கள்.

வைத்தியர் விரலால் தொட்டு முகர்ந்தார். புதுத் துணிக் கஞ்சி வாசனை. தைப்பதற்கு முன்னால் லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறப் போட்டு அலசுவது அவர் மனைவியின் வழக்கம். அன்று காலையில் டப்பில் ஊறிக்கொண்டிருந்தது சிவப்புத் துணி. அலசின தண்ணீர் வீட்டுப் பக்கத்து வழியாக ரோட்டோர வாய்க்காலுக்கு வரும். வாய்க்காலிலிருந்து...

தலையைத் தூக்கித் தன் வீட்டு வாசலைப் பார்த்தார்.

அந்த வாசல் அவருடைய இன்னொரு பெருமை. மனைவிக்கு முழங்கால் வலி வந்தபோது, வாய்க்காலைத் தாண்டி ஏற அவர் தன் கையாலேயே போட்ட சிமெண்ட் சரிவு. தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் தடுக்கி விழக் கூடாது என்று, வாய்க்காலின்மேல் இந்தப் பக்கம் வளைவு வரை பலகைக் கல்லும் போட்டு மூடியிருந்தார். சரிவுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு பைப் வைத்திருந்தார். என்ன பைப் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வாய் வரைக்கும் ஒரு பொய் வந்தது. 'ஊற்றுத் தண்ணி மேடம், இந்த மண்ணு அப்படி' என்று சொன்னால் போதும். அவர் சொன்னால் இன்ஜினியரம்மா நம்பிவிடுவார், எழுதியும் வைத்துவிடுவார். பட்டம் பிழைக்கும். ஆனால் சீட்டு வெறுமையாகவே கிடக்கும்.

எழுந்தார். வண்டியிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு நேராகத் தன் வீட்டு வாசலுக்கு நடந்து, சரிவின் நடுமண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

சத்தம் கேட்டு மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். கை இரண்டும் சிவப்பு.

"ஐயோ, என்னங்க இது? வாசலை ஏன் இடிக்கிறீங்க?"

"வாசல்தாம்மா ரோட்டை இடிச்சிருக்கு."

சரிவு பிளந்தது. அடியில் இருந்த பைப்பைப் பார்த்து இன்ஜினியரம்மா திகைத்துப் போனார்.

"வாய்க்காலுக்கு இவ்வளவு ஒடுக்கமாவா வைக்கிறது? வேற யாராவது இப்படி வச்சிருந்தா விட்டிருப்பீங்களா மேஸ்திரி?"

"வச்சவனையே பைப்புக்குள்ள திணிச்சிருப்பேன் மேடம்."

"அப்புறம் எப்படி?"

வைத்தியர் கடப்பாரையைப் பார்த்தபடி சொன்னார்: "பெரிய பைப் வச்சா சரிவு செங்குத்தாப் போயிடும். இவளுக்கு முழங்கால் வலி."

ரோலர்காரன் காரணமே இல்லாமல் மூக்கைச் சிந்தினான்.

பைப்பை வெளியே இழுத்தார்கள். தண்ணீர் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தினார்கள். முதலில் பச்சையாக ஒரு துணி நறுக்கு வந்தது. அப்புறம் நீலம், அப்புறம் பூப்போட்டது, அப்புறம் நூலும் சேறும் பின்னிப் பிணைந்து ஒரு பெரிய உருண்டை. தையல் அறையைக் கூட்டுகிறபோது வாய்க்கால் பக்கம் தள்ளின நறுக்கெல்லாம், பலகைக் கல் இடுக்கு வழியாக உள்ளே போய் அங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறது. அடைத்துக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டுக்கு அடியில் நுழைந்து, மண்ணைச் சேறாக்கி, பஸ் ஏறினதும் குழியாகியிருக்கிறது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "புருஷன் பைப் வச்சான், பொண்டாட்டி அதுக்குத் தக்கை வச்சா. ஜோடிப் பொருத்தம்னா இதுதான்யா!"

மனைவிக்குச் சுருக்கென்றது. வைத்தியர் பக்கம் திரும்பினாள். "வாய்க்கால்ல தண்ணி நிக்குது, கொசு கொசுன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல வாங்கினீங்களா? ஊர் ரோட்டுச் சீக்கை எல்லாம் கம்பி வச்சுக் கேட்பீங்க. நான் சொன்னதுக்கு ஒரு கொசுவலை வாங்கிப் போட்டுட்டுப் போயிட்டீங்க."

"நீ மட்டும் என்ன? குப்பை போடக் கூடை வாங்கித் தந்தேன். அதுல பட்டன் டப்பாவை அடுக்கி வச்சிருக்கே."

"பட்டன் எங்கே வைக்கிறதாம்?"

"சரி சரி, ரெண்டு பேரும் உள்ளே போய்ச் சண்டை போடுங்க. எனக்குப் பஸ் நிக்குது" என்று மச்சான் கழன்றுகொண்டார்.

அன்றைக்கே வளைவைத் தோண்டி, சேற்றையெல்லாம் அள்ளிப் போட்டு, நல்ல கல்லாக நிரப்பினார்கள். வாசலில் ஆள் தலை நுழைகிற அளவுக்குப் பெரிய பைப். பலகைக் கற்களில் ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துவிட்டு அங்கே இரும்புக் கம்பித் தடுப்பு, எட்டிப் பார்த்துக் கூட்டுவதற்கு. சரிவு அவர் பயந்தபடியே தூக்கலாகத்தான் வந்தது. ஓரத்தில் பிடித்து ஏற ஒரு குழாய்க் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். கூடை காலியாகி, பட்டன் டப்பாக்கள் அலமாரிக்கு ஏறின.

மழை வந்தது. குழி வரவில்லை. மச்சான் வளைவில் பிரேக் போடுவார், தலையை நீட்டுவார், சொல்ல ஒன்றும் அகப்படாமல் ஹாரனை மட்டும் அடித்துவிட்டுப் போவார்.

மழை விட்ட ஒரு காலையில் வைத்தியர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து, கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

"எங்கே போகணும்?"

"ஆஸ்பத்திரி ரோடு. இன்ஜினியரம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. கண்ணை மூடிட்டேன், போங்க."

வளைவைத் தாண்டினார்கள். கிள்ளு இல்லை. ஆஸ்பத்திரி ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனார்கள். கிள்ளு இல்லை. அங்கே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த இன்ஜினியரம்மாவைப் பார்த்து வைத்தியர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பின்னால் மனைவி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போதும் திறக்கவில்லை.

வீட்டு வாசல் வந்தது. ஸ்கூட்டர் புதுச் சரிவில் முக்கி முனகிக்கொண்டு ஏறியது. தோளில் சுரீர் என்று ஒரு கிள்ளு.

"ஆ! இங்கே எதுக்கும்மா?"

"ரோடு சரி" என்று அந்த அம்மாள் கண்ணைத் திறந்தாள். "வாசல்தான் கொஞ்சம் மேடு. வட்டம் போடுங்க."

வைத்தியர் சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வாயெல்லாம் பல்லாகக் குனிந்து, தன் வீட்டு வாசலில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.