டவர் இருக்கு, ஆனா டவர் இல்ல

மட்டாஞ்சேரிக்கு வந்து பதினொரு வருடமாகியும் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் என் நாக்கு மசியவில்லை. செல்போனில் சிக்னல் வராவிட்டால் இங்கே மலையாளத்தில் எல்லாரும் ‘ரேஞ்ச் இல்லா’ என்பார்கள். நான் மதுரைக்காரி, எனக்கு அது ‘டவர் இல்ல’தான். இந்தப் பிடிவாதம் ஒரு நாள் சபையில் என் மானத்தை வாங்கியது.

வீட்டிலிருந்தபடியே தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வீடு பழசு, சுவர் தடிமன். பாதி வகுப்பில் வாயைத் திறந்தபடி திரையில் அப்படியே நின்றுவிடுவேன். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கோயம்புத்தூரில் ஒரே ஒரு ஏழாம் வகுப்புப் பெண் மிஞ்சினாள். அவள் அம்மாவும், “இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கோங்க டீச்சர்” என்று செய்தி அனுப்பிவிட்டார். அவளும் போய்விட்டால் நான் டீச்சரே இல்லை. பயமாக இருந்தது.

அந்த வாரம் இடப்பள்ளியில் இணையச் சேவை பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. மேடையில் ‘எல்லாருக்கும் வேகமான, மலிவான இணையம்’ என்று பெரிய பேனர். மலிவுதான், நான் மறுக்கவில்லை. வாங்கிய டேட்டாவைத் தீர்க்கத்தான் எனக்கு வழியில்லை. மைக் கைக்கு வந்ததும், “எங்க தெருவுல டவரே இல்ல சார்” என்றேன்.

அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டினார். “டவர் உண்டல்லோ சேச்சி, அடுத்த தெருவில்.”

“டவர் இருக்கு சார். ஆனா டவர் இல்ல.”

அரங்கமே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து ‘ரேஞ்ச்’ என்று மொழிபெயர்த்த பிறகுதான் அதிகாரி குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் புகாரைப் பார்க்க ஓர் ஊழியர் வந்தார். புதுமாதிரி வைஃபை பெட்டி ஒன்றை ஜன்னலில் வைத்து, “இதுல கிளாஸ் எடுத்து நோக்கு சேச்சி” என்றார்.

பாடத்தின் நடுவே அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “டீச்சர், நீங்க சிரிச்சா கன்னத்துல குழி விழுது. இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

ஆறு மாதமாக என்னிடம் படிக்கிறவள். சட்டென்று பின்னக் கணக்குக்குத் தாவினேன்.

வகுப்பு முடிந்ததும் ஊழியர் பெட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். சோதனைக்கு மட்டுமாம், விற்பனைக்கு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. ‘புகார் தீர்ந்தது’ என்று அச்சிட்ட தாளை நீட்டி, “இங்க ஒரு கையெழுத்து சேச்சி” என்றார். பெட்டியை வைத்துவிட்டுப் போனால் போடுகிறேன் என்றேன். அவர் கையெழுத்தில்லாத தாளோடு போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் செய்தி வந்தது: “இன்னிக்கு கிளாஸ் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அடுத்த மாசமும் தொடரலாம்.”

பெட்டி போய்விட்டதைச் சொல்லாமல் ‘சரிங்க’ என்று மட்டும் பதில் எழுதினேன். அந்தப் பதில் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.