சரஸ்வதியின் காவலில் ஜப்பான் புத்தகங்கள்

ஜப்பான் மொழி தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரிலும் பெட்டிகளிலும் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பார்த்து நான்கு சொற்கள் படிந்துவிட்டன. கிகென் என்றால் ஆபத்து. தெகுச்சி என்றால் வெளியேறும் வழி. கின்என், புகை பிடிக்காதே. தென்ச்சி முயோ, பெட்டியைக் கவிழ்க்காதே. ஒரு மொழியில் மனிதன் உயிரோடு இருக்க இவ்வளவு போதும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது நானும் போனேன். மாதேஸ்வரன் மலையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். அங்கே முதலாளியோடு ஒத்துவரவில்லை. மைசூருக்கு வந்து ஒரு டெம்போவோடு சுமை இறக்கப் போனேன். இரவில் டெம்போவின் மேலே படுப்பேன், மழை வந்தால் அடியில்.

ஒரு நாள் அக்ரஹாரத்தில் ஒரு வீட்டிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஏற்றினோம். சமஸ்கிருதம் படிக்க வந்து பல வருஷம் தங்கிய ஒரு ஜப்பான் அம்மா ஊர் திரும்பும்போது, தன் புத்தகங்களையெல்லாம் இங்கே உள்ள ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாராம். நிறுவனத்தின் மாடியில் பெட்டிகளை வாங்கி வைத்தவர் நூலகர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் 'அல்லவா'வுக்கு 'அல்வா', 'பார்ப்பது'க்கு 'நோடுவது' என்று கன்னடம் கலக்கும். அவரை நான் மேடம் என்றே கூப்பிட்டேன்.

கூட வந்த ஆள் ஒரு பெட்டியைத் தலைகீழாக வைத்தான்.

"அதைக் கவுத்து வெக்காதீங்க, அப்படித்தான் எழுதியிருக்குது" என்றேன்.

மேடம் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு ஜப்பானீஸ் வருமா?"

"வருமுங்க."

"பக்கத்துல அம்புக்குறி போட்டிருக்கு, அல்வா? அது எனக்கும் வருமே."

"அம்பு இருக்குதுங்க. ஆனா நான் எழுத்தைத்தான் படிச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். "நாளையிலேருந்து வாங்க. தூசி தட்டணும், லேபல் ஒட்டணும். படிக்கிற வேலைய நான் நோடிக்கிறேன்."

படிக்கிற வேலை அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த மொழியின் எளிய எழுத்துகள் இரண்டு வகையையும் தானே கற்றுக்கொண்டிருந்தார். கடினமான மூன்றாவது வகையைப் போனில் படம் பிடித்து மாற்றிக்கொள்வார். புத்தகத்தின் தலைப்பு, எழுதியவர், அச்சிட்டவர், வருஷம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, ஜப்பான் நூலகங்களின் பதிவோடு ஒப்பிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அதன் பிறகுதான் அந்தப் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை அது வெறும் காகிதம்.

நிர்வாகச் செயலாளரும் அதையேதான் சொன்னார், வேறு குரலில். அந்த அறை அவருக்கு வேண்டும். பெரிய திரை மாட்டி வகுப்பறை ஆக்கப் போகிறாராம். தசரா சமயத்தில் வெளியிலிருந்து ஒரு குழு நிறுவனத்தைப் பார்வையிட வருகிறது. அதற்குள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றால் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு. மேடத்தின் வேலையும் தற்காலிக வேலைதான். அதையும் நீட்டிக்கமாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டார்.

நான் வேலையை வேகப்படுத்தினேன் என்று சொல்ல முடியாது. ஜப்பான் புத்தகங்கள் பெரும்பாலும் நம் புத்தகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். நமக்குக் கடைசி அட்டையாகத் தெரிவதுதான் முதல் அட்டை. இது புரியாமல் முதல் பெட்டி முழுக்க லேபல்களை அட்டை மாற்றி ஒட்டினேன். மேடம் ஈரத்துணியால் அவற்றை ஒவ்வொன்றாக உரிக்கவைத்தார். "அம்புக்குறி இல்லாட்டி உங்களுக்குக் கஷ்டந்தான்" என்றார்.

குழு வரும் நாள் நெருங்கியபோது பாதி கூட முடியவில்லை. மேடம் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். அன்றைக்கு நவராத்திரியின் ஏழாம் நாள்; மைசூரில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைப்பது அன்றைக்கே. மறுநாள் குழு.

"மேடம், பூஜையில வெச்ச புஸ்தகத்தை யாராச்சும் தொடுவாங்களா?"

"விஜயதசமி வரைக்கும் தொடமாட்டாங்க. ஏன்?"

நான் மீதிப் பெட்டிகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அய்யோ, சாமிய வெச்சு வெளையாடறதா?"

"வெளையாட்டு என்னங்க? அதுவும் புஸ்தகந்தானே. சரஸ்வதிக்கு ஜப்பான் ஆகாதுன்னு யார் சொன்னாங்க?"

அவர் டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். "குங்குமம், மஞ்சள் எதுவும் புஸ்தகத்து மேல படக் கூடாது. மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டுத்தான் பூ வெக்கணும். ஒவ்வொண்ணையும் அடுக்கறதுக்கு முன்னாடி முதல் பக்கத்தை என் போன்ல போட்டோ எடுங்க. எது எது போச்சுன்னு கணக்கு வேணும்."

படம் எடுத்துப் படம் எடுத்து அடுக்கினேன். அறையின் நடுவே ஒரு சின்ன மலை எழுந்தது. அதன் மேல் சரஸ்வதி படம், சேவந்திச் சரம், ஊதுபத்தி.

மறுநாள் குழு வந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றியது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர், சரஸ்வதிக்கு இவ்வளவு பெரிய அலங்காரத்தை எந்த நூலகத்திலும் பார்த்ததில்லை என்றார். செயலாளர் மட்டும் பூவுக்குக் கீழே இருந்த அடுக்கைக் கண்ணால் அளந்தார். அவர் பக்திமான், ஏமாளி இல்லை. குழு போனதும் மேடத்திடம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: "விஜயதசமி காலை வருகிறேன். பூஜையை முடித்ததும் இந்தப் புத்தகங்களை எடுத்துக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்ப்போம். ஒன்று குறைந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்."

அவர் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நாள் கிடைத்திருக்கிறது, புத்தகம் கிடையாது. எல்லாம் சரஸ்வதியின் கீழே.

"நான் தொடமாட்டேன்" என்றார் மேடம். "வேலை போனாலும் சரி."

"போட்டோ இருக்குதுங்களே."

"முதல் பக்கத்துல அலங்காரமா பிரஷ்ல எழுதியிருப்பாங்க. போன் அதைப் படிக்காது. வருஷமும் இருக்காது." சொல்லிக்கொண்டே போனைத் திறந்தவர், ஒரு படம் தள்ளினார், இன்னொன்று தள்ளினார். "ஏனுங்க, இதென்ன? எல்லாம் கடைசிப் பக்கமா இருக்கே!"

கை பழகிய பழக்கம். நான் நம் புத்தகத்தைப் போலவே இடதுபக்கத்து அட்டையைத் திறந்து திறந்து எடுத்திருக்கிறேன். திட்டு விழும் என்று தள்ளி நின்றேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். ஜப்பான்காரர்கள் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம் எல்லாவற்றையும் தெளிவான அச்சில் கடைசிப் பக்கத்தில்தான் போடுவார்களாம். நம் புத்தகம் மாதிரியே திறக்கிற சிலவற்றுக்கு மட்டும் முதல் பக்கம் விழுந்திருந்தது; அவற்றில் வேண்டிய விவரம் அங்கேயே அச்சில் இருந்தது.

ஊரெல்லாம் தசரா பார்க்கப் போனது. நாங்கள் பூ வாசத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்து விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. அந்தப் படத்தில் என் கட்டைவிரல் மட்டும் இருந்தது. நகத்தில் அழுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. அட்டையின் ஓரம் பச்சை நிறம் என்பதுதான் எங்களிடம் இருந்த ஒரே தகவல்.

விஜயதசமி காலை செயலாளர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மேடம் கற்பூரம் காட்டி, படத்தை வடக்கே நகர்த்தி, பூஜையை முடித்தார். செயலாளர் கை நீட்டுவதற்குள் நான் பச்சை அட்டையை உருவிக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"என்ன இது?" என்றார்.

"இன்னிக்குப் பூஜைப் புஸ்தகத்தைக் கொஞ்சமாச்சும் படிக்கணுமுங்களே சார்" என்றேன். புத்தகத்தை உயர்த்தி, கடைசிப் பக்கம் மேடத்துக்குத் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்து, கண்ணை மூடி ஆரம்பித்தேன். "கிகென்... தெகுச்சி... கின்என்... தென்ச்சி முயோ..."

விஜயதசமி அன்று படிக்கிறவன் கையிலிருந்து புத்தகத்தை யார் பிடுங்குவார்? அவர் மற்ற புத்தகங்களை எடுத்து, மேஜைக்கு வந்து, மேடத்தைத் தேடச் சொன்னார். இருந்தது. அடுத்ததும் இருந்தது. அவர் மலைக்குத் திரும்பிப் போகிற இடைவெளியிலெல்லாம் மேடம் என் பக்கம் போனை நீட்டினார், தட்டச்சு செய்தார். நான் நான்கு சொற்களையும் ராகம் மாற்றி மாற்றிச் சொன்னேன். கை வலித்தது.

கடைசியில் அவர் என் முன்னால் வந்து நின்றார். "இது?"

"இருக்கு சார்" என்றார் மேடம். "சமையல் பகுதி. குழந்தைகளுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா எப்படிக் கட்டறதுன்னு."

செயலாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேடத்திடம், வேலை இன்னொரு வருஷம் தொடரும், அறையும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டினார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். அந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"ஆபத்து வந்தாலும் வெளிய போக வழி இருக்குது, எதையும் கவுத்திராதேன்னு அர்த்தமுங்க சார்."

நல்ல கருத்து என்று தலையை ஆட்டினார். புகை பிடிக்காதே என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் தெரிந்தது.