துப்பிய கருப்பட்டி

தூத்துக்குடி கருப்பட்டிக் கடைத் தெருவில் காசிலிங்கம் அண்ணாச்சியின் நாக்குக்கு மறுபேச்சு கிடையாது. உடன்குடியிலிருந்து வண்டி வந்ததும் ஒரு கட்டியை உடைப்பார், ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். பதநீரில் சுண்ணாம்பு கூடிப்போனதா, காய்ச்சும்போது அடிப்பிடித்ததா என்று அந்த நாக்கு சொல்லிவிடும். விழுங்கினால் சரக்கு எடுத்தாயிற்று. துப்பினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியதுதான். அவர் துப்பியதை அந்தத் தெருவில் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

யுத்த காலம், நாற்பத்துமூன்றாம் வருஷம். மாசி மாதத்தில் அவருக்கு ஓயாத தாகம் பிடித்தது. ஆளும் நல்ல கனம். பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறுவேனா என்றது. டாக்டர் ஜேசுதாசன் சோதித்துப் பார்த்து, நீரிழிவு என்றார். இனிப்பை நிறுத்தும், சோற்றைக் குறைத்துக்கொள்ளும் என்றார்.

அண்ணாச்சி வைராக்கியக்காரர். அன்றைக்கே சீனியை விட்டார். ரேஷன் சீனியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கருப்பட்டிக் காப்பி குடித்தார்! பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்தவனுக்கும் கொடுக்கிற பண்டம் எப்படி வியாதியைக் கொண்டுவரும் என்பது அவர் நியாயம். கடையிலும் நாளெல்லாம் துண்டு துண்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

புண் கறுத்தது. விஷயம் தெரிந்ததும் டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“சீனியோ கருப்பட்டியோ, ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் வே. உம்ம உடம்புல இன்சுலின் இருக்கு. அது சொல்லுதத உடம்பு கேக்க மாட்டேங்கு. வயித்தக் குறைச்சீருன்னா கேக்கும். இல்லாட்டி முதல்ல விரல எடுக்கணும், பொறவு கால.”

காசிலிங்கம் அன்றைக்கே கருப்பட்டிக் காப்பியை விட்டார். வீட்டில் சண்முகவடிவு புருஷனைக் கேட்காமலே சமையலை மாற்றினாள். குவித்த சோறு ஒரு கரண்டியாயிற்று. மீனும் முருங்கைக்கீரையும் அவரைக்காயும் தட்டை நிறைத்தன. காப்பி கசந்தது. முகத்தைச் சுளித்தாரே தவிர, குடிக்காமல் விடவில்லை. புண் கொஞ்சம் வாடியதும் டாக்டர் சொன்னபடி அகலச் செருப்பு போட்டுக்கொண்டு, குதிரை வண்டியை விட்டுவிட்டு நடந்தார். வயிறு இறங்கியது, தாகம் அடங்கியது. தன்னால் முடியும் என்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

மிச்சமிருந்தது கடைதான். ருசி பார்க்காமல் வாங்கினால் அது அவர் தொழிலே இல்லை. விழுங்கினால் கால் இல்லை. வியாதியை வெளியில் சொல்லவோ வெட்கம்.

வைகாசியில் ராஜதுரை வண்டி வந்தது. அவன் அப்பன் காலத்திலிருந்து இந்தக் கடைக்கே சரக்குப் போடுகிற குடும்பம். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, காசிலிங்கம் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். தேன்! விழுங்கத் தொண்டை துடித்தது. துப்பிவிட்டார்.

ராஜதுரையின் முகம் செத்துப்போயிற்று. மாட்டைப் பூட்டப் போனான்.

இனி வெட்கப்பட்டால் ஒரு குடும்பத்தின் பேரே கெட்டுவிடும் என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“ஏ ராஜதுரை, நில்லும்வே! எனக்கு நீரிழிவு. விழுங்கினா கால வெட்டிருவாவ, அதான் துப்பினேன். உம்ம சரக்கு முதல் தரம். இந்த வருசம் இப்படி ஒரு கருப்பட்டி இந்தத் தெருவுக்கு வரல!”

ராஜதுரை மாட்டை விட்டுவிட்டு, வண்டியிலிருந்த செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நீட்டினான்.

“வாயையும் நல்லா கொப்பளிச்சிரும் அண்ணாச்சி. பல்லுல எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கப் போவுது.”

அதற்குப் பிறகு தெருவே அவருக்குக் காவலாகிவிட்டது. வாயில் துண்டைப் போட்டதும், “துப்பும் அண்ணாச்சி, துப்பும்” என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வரும். ஆடி பிறந்தபோது விரலில் புதுத்தோல் மூடியிருந்தது. டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, இனிக் கட்டு வேண்டாம் என்றார். காசிலிங்கம் தன் இரண்டு காலாலும் நடந்து கடைக்குப் போனார்.