கயிறு கட்டிய மைதானம்

மட்டக்களப்பு வாவியை ஒட்டிய விளையாட்டு மைதானத்தின் வாசலில், உச்சி வெயிலில் நிற்கிறேன். உதைபந்தாட்ட இறுதிப் போட்டி பார்க்கக் கதிரவெளியிலிருந்து பஸ்ஸில் நெரிந்துகொண்டு வந்தவன் நான். உள்ளே நடு வட்டத்தின் மேல் ஹெலிகொப்டர் இறங்குவதற்குச் சுண்ணாம்பில் பெரிய குறி போட்டிருக்கிறார்கள். சுற்றிவரக் கயிறு. காவலுக்கு ஒரு பொலிஸ்காரர்.

கொக்கட்டிச்சோலை அணியின் கப்டன் மதிலில் சாய்ந்து பூட்ஸ் கட்டுகிறார்.

“ஹெலிகொப்டர்ல வாறதா இருந்த அமைச்சர் காரில வந்து பேசிட்டுப் போயிட்டாராமே தம்பி?” என்கிறேன்.

“ஓம் அண்ணன். கயிற அவுக்கச் சொல்லி மேல இருந்து இன்னும் ஓடர் வரல்லியாம்.”

“இது பந்தடிக்கிற கிறவுண்டுதானே?”

“சுனாமி நேரம் வீடில்லாத சனம் இங்கதான் முகாம் போட்டு இருந்திச்சு. மறுகா கண்காட்சி, கார்னிவல், கூட்டம். இடையில கிடைச்சா நாங்களும் அடிப்பம்.”

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஆட்டோக்களைத் தள்ளிவிட்டு, ஹெல்மெட்டுகளைக் கோல் கம்பமாக வைத்து இறுதிப் போட்டியைத் தொடங்கிவிடுகிறார்கள். சனமும் அங்கேயே கூடிவிடுகிறது. நான் முணுமுணுத்துக்கொண்டே ஓர் ஆட்டோவில் சாய்ந்து பார்க்கிறேன்.

கப்டன் ஓங்கி அடித்த பந்து மதிலைத் தாண்டி உள்ளே விழுகிறது. எல்லோரும் கேற்றுக்கு ஓடுகிறோம். பந்து நடு வட்டத்தில், சுண்ணாம்புக் குறியின் மேல் கிடக்கிறது.

பொலிஸ்காரர் இரண்டு பக்கமும் பார்க்கிறார். தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைக்கிறார். கயிற்றைத் தாண்டிப் போய் ஒரே உதையில் பந்தை வெளியே அனுப்புகிறார்.

இன்று அந்த மைதானத்தில் நடந்த உதைபந்தாட்டம் அவ்வளவுதான்.